பெயரும் உயரமும் எண்ணும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் கதையும் பேசும் மேடையில் நில அளவையைப் பற்றிப் பேச வந்திருப்பவன் நான். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பித்தவன் என்பதைத் தவிர இம்மேடைக்குரிய தகுதி எனக்கு வேறில்லை. எனினும், தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை என்னிடமே விட்டபோது, இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றி நிற்கும் மலைகள் எவ்வாறு அளக்கப்பட்டன, எவ்வாறு வரையப்பட்டன என்பதையே சொல்ல வேண்டும் என்று துணிந்தேன். இது இலக்கியத்துக்குப் புறம்பான செய்தி அன்று என்பதை உரையின் முடிவில் நீங்களே உணர்வீர்கள் என நம்புகிறேன்.

சேலம் நகரின் எந்த மாடியில் நின்று பார்த்தாலும் நாற்புறமும் மலை தெரியும். வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே சருகுமலை, மேற்கே கஞ்சமலை. அங்கிருந்து தென்கிழக்கே இராசிபுரத்தைக் கடந்து சென்றால் போதமலை, அதன் பின்னே சுவர் எழுப்பியதுபோல் கொல்லிமலை. இவற்றுக்கு இடைப்பட்ட வெளியில் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் எனத் தனித்து எழுந்த குன்றுகள். இவையன்றி, ஊருக்கு ஒன்றிரண்டாகப் பெயர் தெரிந்தும் தெரியாமலும் கிடக்கும் கரடுகள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சேலம். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைந்துவிடுகிறோம். சமவெளி என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மையில் மலைகளுக்கு இடையே விரித்த ஒரு பாய்தான்.

இந்த மலைகளுக்கு மூன்று வகையான பதிவுகள் உண்டு. முதலாவது இலக்கியப் பதிவு, அது பெயர். இரண்டாவது தலப்படத்தின் பதிவு, அது உயரம். மூன்றாவது வருவாய்த் துறையின் பதிவு, அது புல எண். ஒரே மலையின் இந்த மூன்று பதிவுகளும் ஒன்றையொன்று அறியாமலே இரு நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றன. அதனால் விளைந்ததும் விளையப்போவதும் என்ன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பெயர். கொல்லிமலை தமிழ் இலக்கியத்துக்குப் புதிய இடம் அன்று. வில்லாற்றலுக்கும் கொடைக்கும் பெயர் பெற்ற வல்வில் ஓரியின் மலை அது. புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடியிருக்கிறார். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தி அகநானூற்றில் வருகிறது. பெருஞ்சேரல் இரும்பொறையின் கொல்லிப் போரையும் தகடூர்ப் போரையும் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தோடு சேர்த்தே அறிகிறோம். கொல்லிப்பாவை என்னும் தெய்வப் பாவையின் அழகையும் அச்சத்தையும் சங்கப் பாடல்கள் பாடுகின்றன. பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் அம்மலைமேல் உள்ள கோவிலை முன்னிறுத்தி எழுந்தது. நாமக்கல் குன்றின் குடைவரை தன் கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆக, இந்நிலத்தின் மலைகள் பெயராலும் பாட்டாலும் அறியப்பட்டவை. ஆனால் எந்தப் புலவரும் கொல்லி எத்தனை முழம் என்று சொல்லவில்லை. ‘வானுற ஓங்கியது’ என்றால் போதும் என்று இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவே.

இனி எண். வரலாற்றில் உயரத்துக்கு முன் இதுவே வந்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவர் இப்பகுதியின் ஆட்சியராக அமர்த்தப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர்களுள் ஒருவர், பின்னர் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த தாமஸ் மன்றோ. 1799 வரை இவர்கள் இங்கே செய்த பெரும்பணி, வயல் வயலாக நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை விதித்ததாகும். உழவனோடு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் இரயத்துவாரி முறை வேர்கொண்ட மண் இது. அம்முறை நன்மை செய்ததா தீமை செய்ததா என்பது வேறு விவாதம். நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே: நிலம் துண்டு துண்டாக அளக்கப்பட்டு எண் பெற்றது. நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்று வகை பெற்றது. தீர்வை தராத பாறைநிலம் கல்லாங்குத்து என்று ஒதுக்கப்பட்டது. கவி பாடிய குன்றும் பாடாத கரடும் கணக்குப் புத்தகத்தில் ஒரே பெயரைப் பெற்றன. கணக்கு எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. நெல்லும் சோளமும் விளையாத இடத்தைப் பற்றி அவருக்கு எழுத வேறொன்றும் இல்லை.

மூன்றாவதாக வந்தது உயரம். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த போரில் பங்குகொண்டவர் வில்லியம் லாம்டன். புதிதாகப் பெற்ற நாட்டின் குறுக்களவு கம்பெனிக்குத் தெரியாது. அதை அளக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். இதுவே அடிக்கோடு. ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை, நூறடி நீளமான எஃகுச் சங்கிலி ஒன்றை நானூறு முறை விரித்து அளந்தார்கள். அந்தச் சங்கிலி, ஆங்கிலத் தூதுக்குழுவோடு சீனம் வரை சென்று, அங்கே ஏற்கப்படாமல் திரும்பி வந்த சங்கிலி. வெயிலில் எஃகு நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் அதைப் பெட்டிக்குள் கிடத்தி, மேலே கூடாரம் விரித்து நிழல் செய்து, வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டே அளந்தார்கள்.

ஒரு கோடு துல்லியமாகத் தெரிந்துவிட்டால் எஞ்சியதைக் கோணங்களே சொல்லிவிடும். அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றின் உச்சியை நோக்கிக் கோணம் எடுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கிறது. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்த முக்கோணத்தின் மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகிறது. இவ்வாறு குன்றிலிருந்து குன்றுக்குத் தாவித் தாவி நாடு முழுவதும் முக்கோண வலை விரிந்தது. கோணம் எடுத்த கருவி தியோடலைட். இலண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்த அதன் எடை ஏறத்தாழ அரை டன். கடல்வழியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்த கருவி அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து விழுந்து நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் அதனோடு உட்கார்ந்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே நேராக்கினார்.

இந்த அளவையின் முதற்பயன் வியப்பானது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று அதுவரை படங்கள் காட்டி வந்தன. லாம்டனின் கணக்கில் அது 360 மைலாயிற்று. இல்லாத நாற்பது மைல் நிலத்தைப் படத்தில் வைத்துக்கொண்டு அரசாண்டிருந்தார்கள்! பின்னர் அவர் தெற்கு வடக்காக ஒரு பெரும் வில்வரையை அளக்க முற்பட்டார். குமரிமுனைப் பக்கம் தொடங்கி இமயம் வரை சென்ற அவ்வில்வரை 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் செல்வது. அந்தத் தீர்க்கரேகை எங்கே இருக்கிறது தெரியுமா? சங்ககிரிக்கும் சேலத்துக்கும் நடுவே, நாம் பேருந்தில் ஒவ்வொரு முறையும் கடந்துபோகும் வழியில் இருக்கிறது. உலகின் வடிவத்தை அறிய அளந்த கோடு நம் சோளக்காட்டின் ஓரமாகச் சென்றிருக்கிறது. லாம்டன் 1823இல் மராட்டிய நாட்டு இங்கன்காட்டில், பணியின் நடுவிலேயே இறந்தார். தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1840களின் தொடக்கத்தில் வில்வரையின் அளவை நிறைவுற்றது.

இப்பெரும்பணியைப் பேசுவோர் நாலைந்து ஆங்கிலப் பெயர்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். குன்றின் உச்சிக்கு அரை டன் கருவியைச் சுமந்தவர்கள், பார்வையை மறைத்த மரங்களை வெட்டியவர்கள், அடுத்த உச்சியில் நாட்கணக்கில் கொடி பிடித்து நின்றவர்கள், காட்டுக்காய்ச்சலில் மாண்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் அறிக்கைகளில் இல்லை. சில விதிவிலக்குகள் உண்டு. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் கருவிகளைச் செப்பனிடும் வல்லுநராக உயர்ந்தார். வங்காளத்து இராதாநாத் சிக்தார் கணக்குத் துறையின் தலைமைக்கு வந்தார். பதினைந்தாம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்னும் கணக்கோடு அவர் பெயர் இணைந்திருக்கிறது. அதன் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்பது மீட்டர் அளவே.

முக்கோண வலை எலும்புக்கூடு. அதன்மேல் தசையும் தோலும் வைத்தது தலப்படம். அலுவலகங்களில் டோப்போஷீட் என்று சொல்வது இதைத்தான். அளவையாளர் முக்காலியின்மேல் ஒரு பலகையை மட்டமாக வைத்து, அதன்மேல் தாளை ஒட்டி, கண்முன் தெரியும் ஓடையையும் பாதையையும் கோவிலையும் அந்த இடத்தில் நின்றபடியே வரைவார். மழை ஓய்ந்து புழுதி அடங்கிய நாட்களே தொலைவைப் பார்க்க உகந்தவை. இன்று நமக்குக் கிடைக்கும் தலப்படத்தில் தரையில் ஒரு கிலோமீட்டர் தாளில் இரண்டு சென்டிமீட்டராக வரும். ஒரு தாள் ஏறத்தாழ 750 சதுரக் கிலோமீட்டர் நிலத்தைத் தாங்கும். பழைய வரிசையில் சேலம் நகரம் 58 ஐ 2ஆம் தாளிலும், இராசிபுரம் 3ஆம் தாளிலும், நாமக்கல் 4ஆம் தாளிலும், கொல்லிமலையின் பெரும்பகுதி 7ஆம் தாளிலும் அமைந்துள்ளன.

இப்படத்தின் உயிர்நாடி சமஉயரக் கோடு. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்து வரைந்த பழுப்புநிறக் கோடு அது. நம் பகுதித் தாள்களில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு. கோடுகள் விலகியிருந்தால் நிலம் மெல்லச் சரிகிறது. நெருங்கியிருந்தால் செங்குத்து. கொல்லிமலையின் மேற்குப் பக்கத்தைத் தாளில் பார்த்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மை கொட்டியதுபோல் தோன்றும். அந்தக் கறுப்புக்குள்தான் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அடங்கியிருக்கின்றன. இன்னொன்றும் கவனிக்கலாம். சேர்வராயன் மலைச் சரிவில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியை நோக்கிப் போகின்றன. அதே மலைக்குக் கிழக்கே வசிட்டநதி ஆத்தூர் வழியாக வெள்ளாற்றுக்குப் போகிறது. ஒரே மழையை இரு கடல்வழிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முகடு எது என்பதைப் படம் ஒரே பார்வையில் காட்டிவிடும். ஏரிக்கு நீர் ஏன் வரவில்லை என்று தேடுவோர்க்கு இதைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

ஆனால் படத்துக்குப் பார்வைக் குறையும் உண்டு. நாமக்கல் குன்று ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை. அதற்கு மூன்று கோடுகளோ நான்கோதான் கிடைக்கும். 20 மீட்டருக்கும் குறைந்த கரடு இரு கோடுகளுக்கு நடுவே விழுந்து, ஒரு கோடும் பெறாமல் போகலாம். உச்சியில் ஒரு புள்ளியும் பக்கத்தில் ஓர் எண்ணும் அச்சிட்டிருந்தால் அதுவே பெரும்பேறு.

இவ்விடத்தில் தொலைவிலுள்ள ஒரு நிலத்தை ஒப்பிட விரும்புகிறேன். இமயத்துக்கு அப்பால் இலடாக்கும் காரகோரமும் மேற்குத் திபெத்தும் குளிர்ப் பாலைகள். மழை அரிது, மரம் அரிது, மனிதர் அரிது. 1856இல் மாண்ட்கோமரி என்னும் அளவையாளர் காசுமீரத்துச் சிகரம் ஒன்றின்மேல் நின்று, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இரு பனிமுடிகளைக் கண்டு, கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். பிறகு விசாரித்ததில் கே1இன் பெயர் மசர்பிரம் என்று தெரிந்தது. படத்தில் அப்பெயரே ஏறியது. கே2ஐ அருகிலுள்ள ஊர்களிலிருந்து காண முடியாது. அதற்கு வழங்கும் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. 8,611 மீட்டர் உயர்ந்த உலகின் இரண்டாம் சிகரம் இன்றுவரை ஒரு குறிப்பெண்ணையே பெயராகக் கொண்டு நிற்கிறது.

அயலார் நுழைய முடியாத திபெத்தை அளக்க 1865இல் நயின்சிங் என்னும் மலைநாட்டுப் பள்ளியாசிரியரை அனுப்பினார்கள். அவர் யாத்திரிகராகச் சென்றார். கையிலிருந்த செபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். இரண்டாயிரம் அடி ஒரு மைல். செபச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புத் தாள். நீர் கொதிக்கும் வெப்பத்தை அளந்து உயரத்தைக் கணித்தார். இலாசா நகரின் இருப்பிடமும் உயரமும் இவ்வாறு உலகுக்குத் தெரிந்தன. 1877இல் இலண்டன் புவியியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. ஒரு நிலத்தைத் தன் கால்களால் எண்ணி அறிந்த மனிதர் அவர்.

பாலை மலைக்குப் பெயர் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. அருகே குடி இல்லை. நம் மலைகளின் நிலை அதற்கு நேர்மாறானது. இங்கே குடி உண்டு, பெயரும் உண்டு. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் நிலத்தை வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, திண்ணனூர்நாடு, குண்டூர்நாடு எனப் பல நாடுகளாகப் பகுத்து வழங்கி வருகிறார்கள். ஒவ்வொரு சரிவுக்கும் ஊற்றுக்கும் வழங்கு பெயர் இருக்கிறது. குறை எங்கே என்றால், அப்பெயர் தாளுக்கு வரும் வழியில். சேர்வராயன் ஷெவராய் ஆனது. கொல்லிமலை பழைய ஆங்கில நூல்களில் கொல்லைமலையும் ஆனது. கொல்லிக்கும் கொல்லைக்கும் ஓர் எழுத்தே வேறுபாடு. ஆனால் அச்சம் தரும் தெய்வத்தின் மலை, வீட்டுப் பின்புறத் தோட்டமாகிவிடுகிறது. சேலத்துக்கு அருகே வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் மேடுகளுக்கு ஆங்கிலத்தில் சாக் மலைகள் என்று பெயர். அங்கே சாக்குக்கல் ஒரு துண்டும் இல்லை. இருப்பது மாக்னசைட். வெண்மையைப் பார்த்து வைத்த பெயர் நூற்றாண்டுகளாக நின்றுவிட்டது. காடு என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். நம் வட்டாரத்தில் ‘காட்டுக்குப் போய்வருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் மானாவாரி நிலத்துக்குப் போகிறார். வெளியூர்க்காரர் அதை வனம் என்றே எழுதிக்கொள்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் இராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றில், தாளில் எண் மட்டும் பெற்றிருந்த ஒரு கரட்டடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், ‘ஆத்தா, இந்தக் கரட்டுக்கு என்ன பேருங்க?’ என்று கேட்டேன். அவர், ‘எந்தப் பக்கத்துக்குக் கேக்கறீங்க சாமி?’ என்று திருப்பிக் கேட்டார். கிழக்குப் பக்கத்தில் சுனை இருப்பதால் அதற்கு ஒரு பெயர், மேற்கே கழுகு கூடு வைத்த பாறைக்கு ஒரு பெயர், உச்சியில் பொங்கல் வைக்கும் இடத்துக்கு ஒரு பெயர். தாளில் ஒரு புள்ளி, வாயில் மூன்று பெயர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் அன்று மாலையே கேட்டேன். ஒரு பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இனி, இதனால் வரும் கேடு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். கல் வெட்டும் உரிமை எதன்மேல் அளிக்கப்படுகிறது? மலையின் பெயர்மேலோ அதன் உயரத்தின்மேலோ அன்று. புல எண்மேல் அளிக்கப்படுகிறது. ‘புல எண் இன்னது, கல்லாங்குத்துப் புறம்போக்கு, பரப்பு இத்தனை ஏக்கர்’ என்று அறிவிப்பு வெளியாகும்போது, அது தாம் சிறுவயதில் ஏறி விளையாடிய கரடு என்பது அதே ஊரில் பிறந்து நகரத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரிவதில்லை. பெயரோடு வந்திருந்தால் ஒருவராவது நிமிர்ந்து பார்த்திருப்பார். எண்ணுக்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. மூன்று பதிவுகளில், ஒரு குன்றின் ஆயுளை முடிவு செய்யும் அதிகாரம் மூன்றாவதற்கே இருக்கிறது. மற்றை இரண்டும் அந்த அறைக்குள் அழைக்கப்படுவதே இல்லை.

கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபத்தின் கடைக்காலும், நாம் வந்த சாலையின் சல்லியும் ஏதோ ஒரு கரட்டின் உடல்தான். கல்லுடைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் நம் அண்டை வீட்டார்தாம். இம்மண்ணுக்குக் கல்லும் கனிமமும் பழைய தொழில். கஞ்சமலையின் இரும்புத்தாது பழங்காலம் முதல் உருக்கப்பட்டது. 1830களில் பரங்கிப்பேட்டையில் நடந்த இரும்பு ஆலைக்குச் சேலம் பகுதியின் தாது போயிற்று. 1864இல் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் புட்டும் இப்பகுதியின் நிலவியலை ஆராய்ந்து நூலாக வெளியிட்டனர். புட் பின்னாளில் ஏற்காட்டையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். ஆகவே என் வாதம் வெட்டுவதற்கு எதிரானது அன்று. எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்ட வேண்டும் என்பதே. சுனையுள்ள கரட்டை வெட்டினால் அடிவாரத்துக் கிணற்றுக்கு என்ன ஆகும், ஓடை பிறக்கும் முகட்டை வெட்டினால் எந்த ஏரி காயும் என்பன பெயர்களுக்குள் பொதிந்திருக்கும் செய்திகள். சுனைக்கரடு என்னும் பெயரே ஒரு நீரியல் அறிக்கை.

படம் அழிந்த நிலத்துக்குச் சாட்சியாக நிற்பதையும் நாம் அறிவோம். 1934இல் முடிந்த மேட்டூர் அணை பல ஊர்களைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய கிறித்தவக் கோவிலின் கோபுரமும் வெளியே தெரிவதைக் காணக் கூட்டம் கூடுகிறது. நீர் மேலே நிற்கும் காலத்தில் அவ்வூர்களைக் காண வேண்டுமானால் அணைக்கு முந்தைய படங்களையே நாட வேண்டும். அங்கே தெருவும் பாதையும் ஆற்றங்கரையும் இருந்தபடி இருக்கின்றன. நீருக்குள் போன ஊர் ஒருநாள் தலைகாட்டும். சல்லியாகிப்போன குன்று எந்தக் கோடையிலும் திரும்பி வராது. அதற்கு எஞ்சுவது தாளில் உள்ள கோடு மட்டுமே.

இன்று அளவையின் கருவிகள் மாறிவிட்டன. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று பதினோரு நாட்களில் உலக நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கின் உயரத்தை ரேடாரால் அளந்தது. லாம்டனும் எவரெஸ்ட்டும் நாற்பதாண்டுகள் உழைத்த வேலையை நினைக்கும்போது மலைப்பாக இருக்கிறது. 2005இல் நம் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அவ்வாண்டே நிலப்படக் கொள்கை திருத்தப்பட்டு, பொதுமக்களுக்கான தலப்பட வரிசை தனியே அமைந்தது. 2017இல் இந்திய நில அளவைத் துறை அவற்றை இலவசமாகப் பெறவும் வழி செய்தது. எட்டா இடத்துப் பாலை மலையும் நம் ஊர்க் கரடும் இப்போது ஒரே துல்லியத்தில் தெரிகின்றன. ஆனால் வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு ஒன்று மட்டும் தெரியாது. அது பெயர். பெயரைத் தரையில் நின்று, ஒருவர் வாயிலிருந்துதான் பெற வேண்டும். அந்த வாய்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.

இங்கேதான் இலக்கிய வட்டத்துக்கு வேலை இருக்கிறது. பத்தாண்டுகள் நிறைவுற்ற இவ்வேளையில் ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கிறேன். நம் உறுப்பினர்கள் இரு மாவட்டங்களிலும் பரவியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் சொந்த ஊரின் தலப்படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு குன்றுக்கும் கரட்டுக்கும் ஓடைக்கும் சுனைக்கும் ஊர்ப் பெரியவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் வழங்கும் பெயரைக் கேட்டு, அவர்கள் உச்சரிக்கும்படியே எழுத வேண்டும். ஒரே இடத்துக்கு இரு பெயர் இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பெயருக்குக் காரணமாகச் சொல்லும் கதையையும் சேர்க்க வேண்டும். அதன் பக்கத்தில் படம் காட்டும் உயரத்தையும், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்த புல எண்ணையும் எழுத வேண்டும். மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு பதிவேடு போதும்: பெயர், உயரம், எண். இரு நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று அறியாத மூன்றும் ஒரே வரியில் அமரட்டும்.

இது ஆராய்ச்சிப் பட்டத்துக்குரிய பெரும்பணி அன்று. ஒரு சைக்கிளும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நடக்கும். பயன் பலவகை. நாளை ஒரு புல எண்ணைப் பற்றிய அறிவிப்பு வரும்போது, அதன் பெயரைப் பக்கத்தில் வைத்துப் படிக்க ஊருக்கு ஓர் ஏடு இருக்கும். ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுவோர்க்குப் பிடிமானம் இருக்கும். கதை எழுதும் நம் இளைஞர்க்கு நிலம் இருக்கும். நாமக்கல் கவிஞர் தம் மலைக்கள்ளனை மலைக்குள் நடமாட விட்டார். நாளைய கதைமாந்தர் நடமாட மலை இருக்க வேண்டுமல்லவா?

சங்கப் புலவர்கள் கொல்லியின் உயரத்தைச் சொல்லாமல் பெயரைக் காத்துத் தந்தார்கள். அளவையாளர்கள் பெயரைச் சிதைத்தாலும் உயரத்தைக் காத்துத் தந்தார்கள். இரு சாராருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அக்கடனை அடைக்க இரண்டையும் சேர்த்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. இப்பணிக்கு முதல் ஏடாக, எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கரடுகளுக்கு இதுவரை கேட்டு எழுதிய பெயர்களின் பட்டியலை வட்டத்தின் செயலாளரிடம் இன்று ஒப்படைக்கிறேன். அதில் எண் எழுதாத கட்டங்களும் பெயர் எழுதாத கட்டங்களும் இன்னும் பல இருக்கின்றன. அவற்றை நிரப்ப உங்களை அழைக்கிறேன்.